வெள்ளணுக்களைக் காக்க நான் செய்த காரியங்கள்

அன்புள்ள கயலுக்கு,

கடிதம் என்றால் "நலம்" என்று தொடங்க வேண்டும். அந்தச் சொல்லை மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் உனக்கு வாரி வாரிக் கொடுத்துவிட்டேன். இப்போது கைவசம் இல்லை. ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். மூன்று கீமோ முடிந்திருக்கிறது. வாயில் புண் இருக்கிறது. எதைச் சாப்பிட்டாலும் பழைய சாவியை நாக்கில் வைத்தது போன்ற ருசி. முடி கொட்டியிருக்கிறது, முன்பே அதிகம் இல்லாததால் தெருவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, எனக்கு அதில் சிறிது வருத்தம். இவை எல்லாம் உண்மை. இனி வருவதும் உண்மைதான், ஆனால் அதை நீ உட்கார்ந்துகொண்டு படிப்பது நல்லது.

நீ ஆய்வகத்தில் ஒரு வருட விடுப்பு கேட்கப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். திங்கட்கிழமை மனுக் கொடுக்கிறாயாம். காரணம், அப்பாவின் கல்லீரல் ஏன் கெட்டது என்று யாருக்கும் புரியவில்லை என்பது. அம்மா இதைச் சொன்ன அன்றே மாடி அறையைக் கழுவிவிட்டு, உன் பழைய மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள். கயல், அந்தக் கல்லீரல் ஏன் கெட்டது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் நீ வரமாட்டாய். சொல்லாமல் இருந்தால் வந்துவிடுவாய். நான்கு நாளாக இந்த இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெத்தையும் நான்கு நாளாகக் காய்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தால் என் வாய் என்னைக் கேட்காமலே "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிடுகிறது. முப்பத்திரண்டு வருடம் வேளாண்மைத் துறையில் குப்பை கொட்டியவனுக்கு உண்மை என்பது தாளில், தேதி போட்டு, கீழே கையெழுத்து வைத்தால்தான் வரும். அப்போதும் சில சமயம்தான். இதை மூடி ஒட்டாமல் எல்லோருக்குமான கடிதமாக எழுதுவதற்குக் காரணம், இதில் நம் தெருவில் பாதிப் பேருக்குப் பங்கு இருப்பதுதான். தவிரவும், ஒரு பிரதியைத் தன் காத்திருப்போர் அறையில் ஒட்டுவதாக டாக்டரம்மா மிரட்டியிருக்கிறார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கீமோ முடிந்து மூன்று வாரம் கழித்து இரண்டாவதுக்காகப் போனபோது, ரத்தப் பரிசோதனைத் தாளில் வெள்ளணுக்களுக்கு எதிரே கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி இருந்தது. "ஒரு வாரம் தள்ளிப் போடுவோம் சார், கவுன்ட் ஏறட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று உன்னிடம் கேட்டேன், உனக்கு நினைவிருக்கும். நீ பொறுமையாக விளக்கினாய்: கீமோ மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது, வேகமாகப் பெருகும் எதையும் அடிக்கும், எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்களும் வேகமாகப் பெருகுகின்றன, அதனால் அவற்றுக்கும் அடி. களைக்கொல்லி பயிர்மீதும் படுவது போல என்று எனக்காக ஓர் உதாரணம் வேறு சொன்னாய். "அப்ப நல்லதை மட்டும் காப்பாத்த ஒண்ணும் இல்லையாம்மா?" என்றேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அதைத்தான்ப்பா எங்க லேப்ல கேட்டுக்கிட்டிருக்கோம். ஆன்டிஆக்ஸிடன்ட் குடுத்தா நல்ல இம்யூன் செல் கீமோகிட்ட இருந்து தப்பிக்குமான்னு. ஆனா அதே பொருள் கேன்சர் செல்லையும் சேத்துக் காப்பாத்திட வாய்ப்பிருக்கு. இப்போதைக்குக் கேள்விதான்ப்பா இருக்கு, பதில் இல்லை."

உன் வாக்கியத்தில் "ஆனா" இருந்தது. அது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அதை நான் மறுநாள் என்னைப் பார்க்க வந்தவர்களிடம் சொல்லவில்லை. மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது எனக்கே அது மறந்துவிட்டது. உன் தொழிலில் இருப்பவர்களுக்கு என்னால் ஒரு யோசனை சொல்ல முடியும்: வாக்கியத்தை "ஆனால்" என்று தொடங்குங்கள், நல்ல செய்தியைப் பிறகு சொல்லுங்கள். பயந்துபோன மனிதன் வாக்கியத்தின் முதல் பாதியோடு எழுந்து போய்விடுவான்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரும் பழக்கம் நம் பக்கத்தில் கிடையாது. முன்பெல்லாம் சாத்துக்குடியும் ரொட்டிப் பாக்கெட்டும் வந்துகொண்டிருந்தன. அவற்றை அவர்கள் வாங்கி வந்து, நான் வாங்கி வைத்து, நான் யாரையாவது பார்க்கப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்து, உலகம் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான்தான் அதைக் கெடுத்தேன். வந்தவர்கள் எல்லோரிடமும், ஏதோ உழவர் கூட்டத்தில் பேசுவது போல, "என் மக அமெரிக்காவுல இதைத்தான் ஆராய்ச்சி பண்ணுறா. வெள்ளணுவைக் காப்பாத்தணும்னா ஆன்டிஆக்ஸிடன்ட்" என்று விளக்கினேன். இரண்டே நாளில் சாத்துக்குடி நின்றது. மாதுளை வந்தது. நெல்லிக்காய் லேகியம் வந்தது. எதிர்வீட்டுக்காரர் கறிவேப்பிலைப் பொடி கொண்டுவந்தார் என்று கேள்விப்பட்டு, அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத அடுத்த வீட்டுக்காரர் முருங்கைக்கீரைப் பொடி கொண்டுவந்து, "அதைவிட இதுல ஜாஸ்தி சார்" என்று வைத்துவிட்டுப் போனார். முத்துப்பேட்டையிலிருந்து உன் மாமா ஐஸ் பெட்டியில் இறாலோடு வந்து இறங்கினார்.

"இறால் எதுக்கு மச்சான்?" என்றேன்.

"வேக வச்சா செவக்குதுல்ல, அந்தச் செவப்பே நீங்க சொல்ற சமாச்சாரம்தான் அத்தான். வீடியோவுல சொல்றான்."

"எனக்கு வாய் பூராவும் புண்ணு. காரம் ஆகாது."

"காரம் இல்லாம செய்யச் சொல்லுங்க. நான் இருந்து சாப்பிட்டுட்டே போறேன்."

அவர் இருந்து சாப்பிட்டுவிட்டே போனார். அவருடைய வெள்ளணுக்கள் இப்போது மிகவும் திடமாக இருக்கும்.

இவற்றால் எல்லாம் பெரிய கெடுதல் வந்துவிடவில்லை. கெடுதல், மூன்றாவது தெருவிலிருந்து, ஊதா நிற டப்பா வடிவத்தில் வந்தது. ராஜலட்சுமி டீச்சரை உனக்குத் தெரியும். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஆள் சேர்த்து விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்து மாத்திரை விற்கிறார். அவர் விற்பதில்லை, வீட்டுப்பாடம் கொடுக்கிறார். உள்ளே வந்தவர் என் கட்டிலின் எதிரில் நின்றார்.

"சார், நேரா உக்காருங்க. காலையில ரெண்டு, சாயந்தரம் ரெண்டு. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது."

"டீச்சர், இது மருந்தா?"

"மருந்துன்னு யாரு சொன்னா? டப்பாவைப் படிங்க. உணவுச் சேர்க்கைன்னு போட்டிருக்கா? பச்சைத் தேயிலை, திராட்சை விதை, எல்லாத்தோட சாரத்தையும் எறக்கி உள்ள வச்சிருக்கான்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவங்களுக்கு இதெல்லாம் பாடத்துலயே கெடையாது சார். நான் ரெண்டு மீட்டிங் போயிட்டு வந்திருக்கேன்."

இரண்டு மீட்டிங் போய்வந்தவரை எதிர்த்துப் பேச எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. நானும் வாழ்நாள் முழுக்க மீட்டிங் போய்வந்தவன்தான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு சாதாரண மனிதன் இவ்வளவு சாமானையும் பார்த்தால் குழம்பி, எதையாவது தின்று எதையாவது மறந்திருப்பான், அதனாலேயே பிழைத்திருப்பான். நான் வேளாண்மை அலுவலர். ஒரு முழு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு அட்டவணை தயாரித்தேன். நட்ட பதினைந்தாம் நாள் இது, முப்பதாம் நாள் அது என்று சம்பாவுக்கு எழுதிக் கொடுத்துப் பழகிய கை. கீமோ ஏறிய மூன்றாம் நாள் முதல் மாதுளை, நெல்லி. ஐந்தாம் நாள் முதல் பொடி வகைகள். ஊதா டப்பா தினமும். கம்பெனி இரண்டு என்றால் நான் மூன்று போட்டேன், ஏனென்றால் பயிர் சோர்ந்திருந்தால் ஊட்டத்தைக் கூட்டுவது மரபு. பொடிகளையும் லேகியத்தையும் மாதுளையையும் மாத்திரையின் உள்ளே இருந்த தூளையும் சேர்த்து மிக்ஸியில் அடித்து ஒரே டம்ளரில் குடித்தேன். பார்க்க, கழுவாமல் விட்ட ஆற்று மதகின் அடிப்பக்கம் போல இருக்கும்.

உன் அம்மா முதல் நாளே கேட்டாள். "என்னங்க, இதை அரைக்கிறதுக்கு மிக்ஸியே மொனகுது, உங்க வயிறு எப்படித் தாங்கும்? டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டாச்சு."

"என்ன சொன்னாங்க?"

"வீட்டுச் சாப்பாடு நல்லதுன்னாங்க."

இது பொய் இல்லை. டாக்டரம்மா அப்படிச் சொல்லியிருக்கிறார், வேறொரு நாள், இட்லியைப் பற்றி.

அதே டாக்டரம்மா இரண்டாவது கீமோ அன்று என்னிடம் கேட்டார், "வேற எதாவது எடுக்கிறீங்களா சார்? நாட்டு மருந்து, டானிக், மாத்திரை எதுவும்?" உன் வயதுதான் இருக்கும் அவருக்கு, கேட்டுவிட்டுப் பேனாவோடு காத்திருந்தார். நான் யோசித்தேன். கேள்வி மருந்தைப் பற்றியது. டப்பாவில் இருப்பது உணவுச் சேர்க்கை. ஆகவே இக்கேள்வி இப்பொருளுக்குப் பொருந்தாது. "இல்லைங்க" என்றேன். இப்படி எத்தனையோ கேள்விகளுக்கு மேலிடத்துக்குப் பதில் எழுதியிருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மூன்றாவது கீமோவுக்கு முன்னால் மறுபடி கேட்டார். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முதலில் சொன்னது கோப்பில் ஏறிவிட்டது. ஏறியதைத் திருத்துவதென்றால் ஏன் திருத்துகிறோம் என்று ஒரு விளக்கம் வேண்டும். "இல்லைங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். உன்னிடமும் அதையே சொன்னேன், கூடவே, "உங்கம்மா ரசம்தாம்மா எனக்கு மருந்து" என்று ஒரு நகாசும் சேர்த்தேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு என் கணக்கில் இன்னும் நெருடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது முடிந்த பிறகு எடுத்த பரிசோதனையில், வெள்ளணுக்களின் அம்பு கீழே பார்த்தபடியே இருந்தது. என் டம்ளரை அது கண்டுகொள்ளவே இல்லை. புதிதாகக் கல்லீரலுக்கு எதிரே இரண்டு அம்புகள் மேலே பார்த்து நின்றன. டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மருந்து உங்க லிவருக்கு ஒத்துக்கலை போல சார். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு டெஸ்ட் பாப்போம். எறங்கலேன்னா நாலாவதுல டோஸைக் குறைக்கணும், ஒரு மருந்தை நிறுத்தவும் வேண்டி வரலாம்." குறைத்தால் நோய் சும்மா இருக்குமா என்று கேட்டேன். "அதான் எனக்கும் யோசனை" என்றார்.

அந்த வாரம்தான் நீ அவருக்கு மின்னஞ்சல் எழுதினாய். எனக்கும் நகல் வந்தது. எவ்வளவு மரியாதையான கடிதம்! இரண்டாவது வரியில் எழுதியிருந்தாய்: என் தந்தை வேறு எந்தத் துணை மாத்திரையும் எடுத்துக்கொள்வதில்லை என்பதை நான் அவரிடமே கேட்டு உறுதி செய்திருக்கிறேன், ஆகவே வேறு காரணம் உண்டா என்று பார்க்க வேண்டுகிறேன். என் பொய்க்குக் கீழே உன் பெயர், உன் படிப்பு, உன் ஆய்வகத்தின் முகவரி. அதை மூன்று முறை படித்தேன். ஊரில் யாராவது தவறான நிலச் சிட்டாவைக் காட்டிப் பெற்ற மகளை ஜாமீன் கையெழுத்துப் போடவைத்தால் அவனை என்ன சொல்வேனோ, அதை எனக்குச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டு சாயந்தர டம்ளரைக் குடித்தேன். பயம் அப்படித்தான் வேலை செய்கிறது. வெட்கம் ஒரு பக்கம் இருக்கும், கை ஒரு பக்கம் போகும்.

உன் ஆராய்ச்சியில் நான் கை வைப்பது இது முதல் தடவை இல்லை. இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இன்னொரு கடிதம் எழுதத் தெம்பு இல்லை. நாம் ஒரத்தநாட்டில் இருந்தபோது, நீ ஐந்தாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஆறு ஐஸ்கிரீம் கோப்பைகளில் நெல் நாற்று வளர்த்தாய். மூன்றுக்குத் தண்ணீர், மூன்றுக்கு அம்மா வடிகட்டி மீந்த காபித் தண்ணீர். நோட்டில் தினமும் உயரம் எழுதிவந்தாய். காபி குடித்த மூன்றும் ஒன்பதாம் நாள் படுத்துவிட்டன. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். சாயந்தரம் வந்து பார்த்தால் அழுவாய் என்று நினைத்தேன். ஆபீஸ் நாற்றங்காலில் இருந்து நல்ல நாற்றாக மூன்று பிடுங்கிவந்து அந்தக் கோப்பைகளில் நட்டுவிட்டேன். உனக்கு முதல் பரிசு கிடைத்தது. காபி கொடுத்தால் நெல் ஒரே நாளில் நான்கு விரற்கடை வளரும் என்று நீ மேடையில் பேசினாய். ஒரு வேளாண்மை அலுவலரின் மகள் சொல்வதால் ஆசிரியர்கள் அதை நம்பினார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். செத்த நாற்றுதான் அந்தச் சோதனையின் விடை என்பதைப் பத்து வயதுப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டேன். எப்படியோ நீ அதற்குப் பிறகும் ஒழுங்கான விஞ்ஞானியாக ஆகிவிட்டாய். அதில் என் பங்கு எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்போது கோவிந்தராசு. நன்னிலம் பக்கத்தில் நம் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறாரே, அவர்தான். அவருக்கும் எனக்கும் ஒரு பழைய விவகாரம் உண்டு. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒருமுறை, ஆள் கிடைக்கவில்லை என்று அவர் களைக்கொல்லி, பூச்சிமருந்து, ஜிங்க், நுண்ணூட்டம் நான்கையும் ஒரே டேங்கில் கலந்து ஒரே நடையில் அடித்துவிட்டார். பயிர் நுனி கருகி, வயல் வறுத்த சேமியா போல ஆகிவிட்டது. அடுத்த உழவர் கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்தி, "இவரைப் பாத்துக்குங்க. எதோடு எதைச் சேக்கலாம்னு கேக்காம எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கினா இதுதான் கதி" என்று ஊருக்கே காட்டினேன். நான் பேசியதில் பலரும் கைதட்டிய ஒரே பேச்சு அது. அவர் தலை குனிந்து நின்றார்.

அவர் என்னைப் பார்க்க வந்தார், கையில் ஒரு பை கறுப்புக் கவுனி அரிசியோடு. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தார், மேசைமேல் வரிசையாக நின்ற டப்பாக்களைப் பார்த்தார். வேளாண்மை அலுவலரை அந்தக் காலத்தில் எல்லோரும் ஏஓ என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் இன்னும் அதை விடவில்லை.

"ஏஓ சார், கேக்கலாமாங்க?"

"கேளுங்க."

"இதெல்லாம் ஒண்ணாக் கலக்கலாமாங்க?"

அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வெள்ளணுவைக் காப்பாத்துறதுக்குங்க" என்றேன். "மருந்து கேன்சரை அடிக்கும்போது நல்ல அணுவும் சாகுது. அது சாகாம இருக்க இது."

"புரியுதுங்க. நேரடி விதைப்புக்கு ஒரு களைக்கொல்லி வருதுல்ல, அதுலயே நெல்லுக்கு அடிபடாம இருக்க ஒரு மருந்து சேத்து வருதே. நீங்கதான் எங்களுக்கு மொதல்ல காமிச்சீங்க."

"அதேதான்!" எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கரெக்டாப் பிடிச்சிட்டீங்க."

"ஆனா சார், அது நெல்லை மட்டும் காக்கும், நடுவுல நிக்கிற குதிரைவாலிக் களையைக் காக்காதுன்னு பாத்துட்டுத்தானே விக்கிறான்? ரெண்டும் புல்லு சாதிதான். பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும்." ஊதா டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பினார். "இந்த டப்பாக்காரன் அப்படிப் பாத்திருக்கானாங்க? இது பயிரைக் காக்குதா, களையைக் காக்குதா?"

நீ அமெரிக்காவிலிருந்து சொன்ன "ஆனா"வும் அதுவேதான், கயல். உன்னிடம் கேட்டபோது அதைத் தாண்டிப் போக முடிந்தது. குதிரைவாலியைத் தாண்டிப் போக முடியவில்லை. வாழ்நாளெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டீங்கள்ல?" என்றார் கோவிந்தராசு, எழுந்துகொண்டே.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். கதவருகே நின்றிருந்த உன் அம்மா சொன்னாள். "சொல்லலைங்கிறது மூஞ்சியிலயே தெரியுது. உங்க ஒடம்புக்கு உங்க பேர்ல மட்டும் பட்டா இருக்குன்னு நெனப்பா? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

அன்றே போனோம். அம்மா எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்து, டாக்டரம்மாவின் மேசையில், கல்யாணச் சீர் பரப்புவது போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"இது என்ன?"

"நெல்லிக்காய் லேகியம்."

"இது?"

"கறிவேப்பிலைப் பொடி. அது முருங்கைக்கீரை. இறாலும் வந்துச்சு, அது தீந்துடுச்சுங்க."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தவர் ஊதா டப்பாவுக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிறிய எழுத்தெல்லாம் படித்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது கீமோவுக்கு முன்னாடி இருந்து. ரெண்டுக்கு மூணா."

"நான் உங்களைக் கேட்டேன்ல சார்?"

"கேட்டீங்க."

"உங்க மக மெயில் போட்டிருந்தாங்க, எதுவும் எடுக்கலைன்னு. அவங்க இந்த ஃபீல்டுலயே இருக்கறவங்க. அதனாலதான் நான் இந்தப் பக்கம் தேடவே இல்லை." குரலை உயர்த்தவில்லை அவர், உயர்த்தியிருக்கலாம். "லிவர் ஏறினதுக்கு இந்த டப்பா காரணமா இருந்து, அது தெரியாம நான் உங்க டோஸைக் குறைச்சிருந்தா, நான் யாருக்கு வைத்தியம் பாத்திருப்பேன்? உங்களுக்கா, உங்க கேன்சருக்கா?"

கறிவேப்பிலை, நெல்லி, மாதுளை எல்லாம் சாப்பாட்டில் எவ்வளவு சேருமோ அவ்வளவு சாப்பிடலாம் என்றார். பொடியும் சாரமும் மாத்திரையும் கூடாது. "இது நல்ல செல்லைக் காப்பாத்துதா, நான் கொல்லப் பாக்கறதைக் காப்பாத்துதான்னு எனக்குத் தெரியாது. வித்தவங்களுக்கும் தெரியாது."

"என் மகளுக்கு?" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு உன்னைப் பற்றிக் கேட்க ஆசை.

"தெரியலைன்னு அவங்களுக்குத் தெரியும். அதான் சார் படிப்பு. அந்த மெயிலுக்கு நான் இன்னும் பதில் போடலை. பதிலை நீங்க எழுதுங்க. எழுதினா ஒரு காப்பி குடுங்க, வெளியில ஒட்டுறேன். வாரத்துக்கு நாலு பேர் மஞ்சள் பையோட வராங்க, நாப்பது பேர் பையை வீட்டுல வச்சிட்டு வராங்க."

அது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. டப்பாவை நிறுத்திவிட்டேன். ராஜலட்சுமி டீச்சர் வந்தார். திருப்பிக் கொடுத்தபோது, பரீட்சையில் காப்பியடித்து மாட்டிய பையனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அம்மா அவரை உட்காரவைத்து டாக்டரம்மா சொன்னதை முழுக்கச் சொன்னாள். டீச்சர் டப்பாவைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டு, "எனக்கு மீட்டிங்ல இதைச் சொல்லலை சார்" என்றார். தானும் தினம் நான்கு போட்டுக்கொண்டிருக்கிறாராம். அவரையும் ரத்தம் கொடுக்க அனுப்பியிருக்கிறோம்.

நேற்று புதிய பரிசோதனைத் தாள் வந்தது. கல்லீரல் இறங்கியிருக்கிறது, ஓர் அம்பு போய்விட்டது, இன்னொன்று போகிற மாதிரி இருக்கிறது. வெள்ளணுவும் போதுமான அளவுக்கு ஏறியிருக்கிறது. டப்பாதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன் என்கிறார் டாக்டரம்மா, நிறுத்தியதும் இறங்கியது என்று மட்டும் சொல்வாராம். அவரும் உன் ஜாதி ஆள்தான் போலிருக்கிறது. வியாழக்கிழமை நான்காவது கீமோ, குறைக்காத அளவில்.

ஆக, நீ விடுப்பு கேட்பதற்குக் காரணமாக இருந்த புதிர் விடுபட்டுவிட்டது. உன் ஆய்வகத் தட்டுகளையும் அணுக்களையும் ஒரு வருடம் அப்படியே விட்டுவிட்டு வரவேண்டிய அவசியம் இல்லை. கோவிந்தராசு கேட்ட கேள்விக்கு யாராவது விடை கண்டுபிடிக்க வேண்டும். அவர் அவசரமில்லை என்று சொல்லிவிட்டார், ஆனாலும் வழியில் பார்த்தால் கேட்பார். மாடியில் மெத்தையை எடுத்து உள்ளே போடச் சொல்ல வேண்டும். அம்மாவும் காரணம் தெரிந்துகொண்டே, பதில் எழுத வேண்டியது நான்தான் என்று வாய் திறக்காமல் மெத்தையைக் காயப்போட்டவள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பும்போது அவளே படித்துக்கொள்வாள்.

என்மேல் கோபித்துக்கொள்ளாதே என்று கேட்கமாட்டேன். நீ கோபித்துக்கொள்வதுதான் முறை. டாக்டரம்மாவுக்கு மட்டும் இரண்டாவது வரியைத் திருத்தி ஒரு மின்னஞ்சல் போட்டுவிடு, உன் பேர் அந்தக் கோப்பில் சுத்தமாக இருக்கட்டும். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை நான் எதையாவது "இல்லை" என்றால், அதே கேள்வியை அம்மாவிடம் தனியாகக் கேள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. இவ்வளவையும் நான் ஏன் குடித்தேன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெள்ளணு, மஜ்ஜை என்று விளக்கம் சொல்லியிருப்பேன். பயமாக இருந்தது, கயல். இப்போதும் இருக்கிறது. அம்புகள் இறங்கிய பிறகும் அது அதன் பாட்டில் இருக்கிறது. அதற்கு டப்பாவில் எதுவும் வருவதில்லை.

ஒரு வருடம் வேண்டாம். ஆனால் பத்து நாள் விடுப்பு கேட்டால் தருவார்களா? தருவார்கள் என்றால் மனுவில் காரணம் எழுதும் இடத்தில் கல்லீரல், சிகிச்சை, அவசரம் என்றெல்லாம் எழுதாதே, சான்றிதழ் கேட்பார்கள். "அப்பாவைப் பார்க்க" என்று மட்டும் எழுது. முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ விடுப்பு மனுக்களைப் பார்த்திருக்கிறேன், நானும் எழுதியிருக்கிறேன். முழுக்க உண்மையான காரணம் போட்ட ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அப்பா